கறுக்காத பாட்டில்கள்

பாட்டில் டீச்சரின் மூக்கைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவின. நகராட்சிப் பம்ப் அறையில் யாராவது குளோரின் டப்பாவைத் திறந்தால், நாலு தெரு தள்ளித் தன் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அவள் தும்முவாள் என்பது ஒன்று. அது மிகை. இரண்டு தெருதான். தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துவிட்டு, அது எந்தக் குழாயில் எத்தனை வளைவு திரும்பி வந்தது என்று சொல்லிவிடுவாள் என்பது இன்னொன்று. அது கலப்படமில்லாத பொய். அவள் வேலை பார்த்த இடத்தில் தண்ணீரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

டீச்சர் ஆவதற்கு முன்னால் அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். தெருத்தெருவாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, சோதித்து, முடிவை எழுதி மேலே அனுப்புகிற வேலை. மேலே என்றால் மாடி. மாடியில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதற்குள் போன காகிதம் எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த அலமாரிக்குப் பசி அதிகம் என்று கூடத்தில் பேசிக்கொள்வார்கள்.

கூடத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. தண்ணீரை யார் சோதிக்கிறாரோ அவரேதான் போய்ப் பிடித்து வரவேண்டும். மந்திரியே வெள்ளித் தம்ளரில் கொண்டுவந்து நீட்டினாலும், "வைச்சுட்டுப் போங்க, செடிக்கு ஊத்திக்கிறோம்" என்பார்கள். ஊரில் யாரும் தங்கள் தண்ணீரைப் பற்றி உண்மை பேசுவதில்லை என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

அவளுக்கு முப்பத்தைந்தைத் தாண்டிய சமயத்தில் கூடத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அறிவியல் வேலை பார்த்தவர்களைப் பள்ளி ஆசிரியர்களாக மாற்றும் உதவித்தொகைத் திட்டம். பயிற்சிக் கல்லூரியில் கட்டணம் கிடையாது, படிக்கிற காலத்துக்கு மாதாமாதம் பணமும் வரும். பதிலுக்கு, அறிவியல் ஆசிரியர் யாரும் தங்காத பள்ளிகளில் ஒன்றில் சில வருடம் வேலை செய்யவேண்டும். நடுவில் விட்டுப் போனாலும், ஒழுங்கு தவறினாலும், வாங்கியதெல்லாம் கடனாக மாறிவிடும்.

அவளுடைய அக்கா தையல்காரி. வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே பேசக்கூடியவள். இத்தனை வருடத்தில் குண்டூசியும் கீழே விழுந்ததில்லை, பேச்சும் நின்றதில்லை.

"யாருமே தங்காத பள்ளிக்கூடத்துல போய்த் தங்கறதுக்குக் காசு குடுக்கறாங்களா? ஏன் தங்கலைன்னு கேட்டியா?"

"தங்காததாலதான்க்கா காசு குடுக்கறாங்க."

"இருக்கிற வேலைக்கு என்னடி குறை? உக்காந்த இடத்துல தண்ணி."

"ரிப்போர்ட் எழுத நாங்க ஒரு டஜன் பேர் இருக்கோம். அதைப் படிச்சுட்டு ‘ஏன்டா இப்படி’ன்னு கேக்க ஊர்ல ஒரு ஆள் இல்ல. அந்த ஆளை உண்டாக்கினாத்தான் உண்டு."

அக்கா ஒரு குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "போ. பிளவுஸ் அளவு குடுத்துட்டுப் போ. அங்க போனா இளைச்சுடுவ, ஒரு பிடி உள்ளே வச்சுத் தைக்கிறேன்."

பயிற்சிக் கல்லூரியில் எல்லாம் பளபளவென்று இருந்தது. மேசைக்கு மேசை குழாய், குழாய்க்குக் குழாய் வெந்நீர். எங்கும் இல்லாத சாமான்களை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று அங்கே மிகவும் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கிருந்த நெட்டைப் பேராசிரியருக்கு ஒரே மந்திரம்: பரிசோதனையின் முடிவைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. எதற்காகச் செய்கிறோம் என்றுகூடச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் பிள்ளைகள் டீச்சர் விரும்புகிற விடையைத்தான் பார்ப்பார்கள், கண்ணால் காண்பதைப் பார்க்க மாட்டார்கள். பயிற்சி வகுப்பில் ஒருத்தி விடை வருவதற்கு முன் புருவத்தைத் தூக்கினாள் என்பதற்காக அவளை நடுவிலேயே நிறுத்தி உட்காரவைத்தார். படிப்பு முடியும்போது அவர்கள் எல்லோருடைய முகமும் இஸ்திரி போட்ட துணிபோல ஆகிவிட்டது. பெற்ற தாய் பார்த்தால்கூடச் சந்தோஷமா துக்கமா என்று கண்டுபிடிக்க முடியாது.

அவளை அனுப்பிய பள்ளி, சரக்குக் கிடங்குக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் இருந்தது. லாரி பின்னால் நகரும்போதெல்லாம் பாடம் நிற்கும். ஆய்வகம் என்று பெயர் எழுதிய அறையில் ஒரு பூட்டிய அலமாரி. சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. பழைய தலைமையாசிரியர் ஒருவர் அதற்குள்தான் இருக்கிறார் என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் உறுதியாக நம்பினார்கள். இப்போதிருந்த தலைமையாசிரியை, எல்லோருக்கும் பெரிய டீச்சர், அதை மறுப்பதில்லை. அடங்காத பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் கூட்டிப்போனால் போதும்.

முதல் நாள் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். கறுத்து மெலிந்து, ரெட்டைச் சடை போட்டிருந்தாள். வகுப்பே சிரித்தது. அவளுக்கு அங்கே பெயர் கேள்வி.

"டீச்சர், நீங்க எப்பப் போவீங்க?"

"இப்பத்தானே வந்திருக்கேன்."

"அதான் இப்பவே கேக்கறேன். போன சார் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார். பூவோட பாகங்கள் நடத்திக்கிட்டிருந்தார். அல்லி வட்டத்தோட நின்னுபோச்சு. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது."

"நானே பிச்சுப் பார்த்தேன் டீச்சர்" என்றான் ஒருவன் பின்னாலிருந்து. "ஒண்ணுமில்ல. எறும்புதான் இருந்துச்சு."

அன்று அவள் பூவிலிருந்தே ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவளை விட்டு அந்தப் பிள்ளைகளைப் பிரிக்க முடியவில்லை. உடைந்த குழல்விளக்கு, சைக்கிள் பம்ப், மாத்திரை அட்டை, எல்லாம் பாடமாயின. எந்நேரமும் தோள்பையில் பாட்டில்கள் குலுங்கியதால் பாட்டில் டீச்சர் என்ற பெயரும் நிலைத்தது.

அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கிடங்குச் சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் இருந்து வந்தார்கள். ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். பின்பக்கச் சந்தில் திறந்த சாக்கடை. அங்கே முதல்முறை போனபோதே அவள் நின்றுவிட்டாள். குடிதண்ணீர்க் குழாய் அந்தச் சாக்கடைக்குள் கிடந்தது, துருப்பிடித்து, இரண்டு மூன்று இடங்களில் சைக்கிள் டியூபால் கட்டுப்போட்டு. பம்ப் ஓடும்வரை குழாயிலிருந்து தண்ணீர் வெளியே கசியும். பம்ப் நின்றதும் குழாய் வெளியே கிடப்பதை உள்ளே உறிஞ்சும். இதற்குப் பரிசோதனை தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

அவள் நகராட்சிப் பொறியாளரிடம் போனாள். கெட்டவர் இல்லை. எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்று சொல்லுகிற ரகம்.

"டீச்சர், இந்த வருஷம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் குழாய் மாத்த முடியும். உங்க வரிசை வீடு, இல்லைன்னா சந்தைக்குப் பின்னால இருக்கிற தெரு. ரெண்டு பக்கமும் புகார் இருக்கு. எங்க தண்ணி மோசம்னு ஆதாரம் வருதோ, அங்க."

பழைய கூடத்துக்குப் போய்க் கேட்டாள். மேலிருந்து உத்தரவு வந்தால் எடுக்கலாம் என்றார்கள். மேலே என்றால் மாடி. அங்கே இருந்த சிநேகிதி மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டி சின்னப் பாட்டில்களைக் கொடுத்தாள். உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், சாக்கடை கலந்திருக்கும் பட்சத்தில் ஓரிரு நாளில் பாட்டில் கறுத்துவிடும். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ரிப்போர்ட்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. உதவித்தொகை அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் அம்மா வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதிரி வகுப்பைப் பார்ப்பார். அந்த வருடம் தேறியதாகக் கணக்கு வைப்பது அவர்தான். அதே நாளில் பொறியாளரையும் அழைத்துவிட்டால்? பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தாங்களே சோதித்து, கறுத்த பாட்டில்களை அவர்கள் கண்ணெதிரே வரிசையாக வைத்துவிட்டால்? எந்த அலமாரியும் அதை விழுங்க முடியாது.

கூடத்துச் சட்டம் அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. யோசித்தாள். ஆனால் அவள் இப்போது டீச்சர். பிள்ளைகள் கொண்டுவர, பிள்ளைகள் செய்ய, பிள்ளைகள் பார்க்கவேண்டும். இஸ்திரி போட்ட முகத்தோடு வகுப்பில் சொன்னாள்: "நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு பாட்டில்ல உங்க வீட்டுத் தண்ணி கொண்டு வாங்க."

"எதுக்கு டீச்சர்?" என்றாள் கேள்வி.

"கொண்டு வா. பார்ப்போம்."

அன்று சாயங்காலம் வரிசை வீடுகளின் முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"தண்ணி கேட்டிருக்காங்க. எதுக்காம்?"

"சொல்லலையாம்."

"சொல்லலைன்னா ஏதோ இருக்கு. போன தடவை தலையைப் பார்க்கணும்னாங்க. பேன் இருக்குன்னு என் பொண்ணைத் தனி பெஞ்சில உக்கார வச்சாங்க. அது அவ முடியிலயா இருந்துச்சு? அந்த டீச்சர் தலையில இருந்துதான் குதிச்சிருக்கும்."

"பெரிய அம்மா ஒருத்தங்க வேற வராங்களாம், காரோட. நம்ம தண்ணியை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எப்படி இருக்கும்?"

"தூக்கிப் பிடிக்க வேணாம் சித்தி. மூடியைத் திறந்தாலே போதும், காரைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கேள்வியின் அம்மா பேசினாள். கிடங்குக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுப்பவள், அதனால் பெட்டிக்காரி. வயிற்றில் பிள்ளை, ஆறாம் மாதம். கேள்வி கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு கையாலும் பெட்டி மடித்துக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்டி வாயால் கடைக்காரனிடம் பேரம் பேசினவள். அந்தக் காலத்தில் அவள் மடித்த பெட்டிகளை அடுக்கினால் கிடங்குக் கூரையை முட்டும் என்பார்கள். அதை மட்டும் நான் நம்புகிறேன்.

"நம்ம பிள்ளைங்க இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போட்டுக்கிட்டுப் போகுது" என்றாள். "தண்ணி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? கேன் வண்டிக்காரன் வந்தான்னா ஒரு கேன் இறக்கச் சொல்லுங்க. எல்லாரும் சேர்ந்து குடுத்துடலாம்."

அங்கே அதுதான் வழக்கம். பள்ளிக்கூட வாசலைத் தாண்டுகிற எதுவும் வீட்டில் இருப்பதிலேயே நல்லதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது அனுப்பவேண்டும். ஒரே கைக்குட்டை மூன்று பிள்ளைகளின் பையில் மாறி மாறிப் போய்வரும். ஆகவே கேன் வந்தது. பெட்டிக்காரி குந்தி உட்கார்ந்து, சோப்பு போட்டுக் கழுவிய பாட்டில்களில், துவைத்த துணியை வடிகட்டியாக வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் அத்தனை பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். மிச்சத்தைத் திரும்பவும் மூடி வைத்தாள். அவள் குடிக்கவில்லை. அது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்.

மறுநாள் பிள்ளைகள் சின்னப் பாட்டில்களில் ஊற்றி, பெயர் ஒட்டி, ஜன்னல் ஓரத்தில் வெயில் படுகிற இடத்தில் அடுக்கினார்கள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் அவள் ஒரு விளையாட்டு வைத்தாள். சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்கவேண்டும், யாருடையது அதிகம் நுரைக்கிறது என்று பார்க்கவேண்டும். எல்லாருடையதும் நுரைத்தது. பாட்டில் வாயைத் தாண்டிப் பொங்கியது. மூக்கில் நுரை, சடையில் நுரை. தாடி வைத்துக்கொண்டு ஒருவன் பெரிய டீச்சர்போல நடந்து காட்டினான். "பெரிய டீச்சருக்கு எங்கடா தாடி?" என்று அவள் கேட்க, "தாடி இல்லைங்கறது ஒண்ணுதான் டீச்சர் குறை" என்றான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உப்பு நீர். வேட்டி துவைப்பவருக்கும் தெரியும், பாத்திரம் தேய்ப்பவருக்கும் தெரியும். அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பழைய கூடத்தில் ஒரு பாட்டில் அப்படிப் பொங்கியிருந்தாலே, "எங்கேயிருந்து பிடிச்சது இது?" என்று குரல் உயர்ந்திருக்கும். அங்கே அத்தனை பாட்டிலும் ஒரே அளவு பொங்கின. அவள் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நுரையைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் அம்மா வந்தார். பொறியாளர் வந்தார். பெரிய டீச்சர் வாசலில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவைத்திருந்தார். ஜன்னல் ஓரத்துப் பாட்டில்களை ஒவ்வொருவராக எடுத்துவந்து மேசையில் வைத்தார்கள். ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

பாட்டில் டீச்சர் மறுபடி மறுபடி பார்த்தாள். மருந்து பழசோ என்று நினைத்தாள். வகுப்பறையில் சூடு போதவில்லையோ என்று நினைத்தாள். கேட்கவேண்டியதை மட்டும் கேட்கவில்லை. முப்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் இஸ்திரி கலையாமல் இருந்தது.

"எல்லாம் நல்ல தண்ணியா டீச்சர்?" என்றாள் கேள்வி.

"நீங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க."

"கறுக்கல" என்றார்கள் எல்லோரும் சேர்ந்து.

"பிரமாதம்" என்றார் மேற்பார்வையாளர் அம்மா. "பதிலை நீங்க ஊட்டவே இல்ல. இந்த வகுப்பைத்தான் நான் மத்த பள்ளிகளுக்கு மாதிரியாக் காட்டப்போறேன்." பிள்ளைகள் எழுதிய அட்டவணையை நகராட்சி வரவேற்பறையில் மாட்டினார்கள். பொறியாளர் அவள் கையைப் பிடிக்காத குறையாக நன்றி சொன்னார். "எனக்கு இருந்த குழப்பம் தீர்ந்துச்சு டீச்சர்." அந்த மாதமே குழாய்களை ஏற்றிக்கொண்டு லாரி சந்தைக்குப் பின்னால் போனது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள்.

"நல்ல தண்ணின்னா சந்தோஷம்தானேடி? ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"தெரியலக்கா. ஏதோ இடிக்குது."

"உனக்கு ஊர் நல்லா இருந்தாலும் இடிக்கும்."

அவள் மூக்குக்கு எல்லாம் எட்டும் என்று ஊர் சொன்னது. அப்போது எதுவும் எட்டவில்லை.

மழை வந்து போனது. வரிசை வீடுகளில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சல் என்று படுத்தார்கள். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல் என்றார்கள். பிறகு கண் மஞ்சளாயிற்று. பெரும்பாலோர் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்தார்கள். கேள்வி பள்ளிக்கு வராமல் போனதும் பாட்டில் டீச்சர் தேடிக்கொண்டு போனாள்.

ஒரே அறை. சுவரோடு மடிக்காத அட்டைகள் சாய்ந்திருந்தன. பெட்டிக்காரி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டாம் மாத வயிறு. கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சள்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. இவ பள்ளிக்கூடம் வராததுக்கு என்னைத்தான் திட்டணும். அடுப்பு வேலைக்கு ஆள் இல்ல."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. ஓய்வெடு, நல்ல தண்ணியாக் குடின்னார். நம்ம தண்ணிதான் பாஸ் ஆயிடுச்சே" என்று சிரித்தாள்.

பாட்டில் டீச்சர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, நோயாளியைத் தொட்டவள் என்பதால், பழக்கதோஷத்தில் வாசல் குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். சோப்பைத் தேய்த்தாள். நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தாள். கையில் வெள்ளையாக வழவழவென்று ஒட்டியதே தவிர ஒரு குமிழிகூட எழவில்லை. குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.

உள்ளே வந்தபோது குரல் தணிந்திருந்தது. "அன்னைக்குப் பிள்ளைங்க கொண்டுவந்த தண்ணி எங்க பிடிச்சது?"

"அதுவா?" பெட்டிக்காரி தலையைத் தூக்கினாள். பெருமையாகவே சொன்னாள். "கேன் தண்ணி டீச்சர். நான்தான் எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன். இந்தத் தண்ணியையா உங்ககிட்ட அனுப்புவோம்? உங்களுக்கு மரியாதை வேணாமா, பெரிய அம்மா எல்லாம் வரப்போ?"

பாட்டில் டீச்சர் போகும்போது தன் பையிலிருந்த குடிதண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். அன்றே தானே வீடு வீடாகப் போய்ப் பாட்டிலில் பிடித்தாள். மறுநாள் எல்லாம் மை போலக் கறுத்திருந்தன. கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டிக்காரியை அவளும் கேள்வியின் அப்பாவும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பெரிய டீச்சரிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார்.

"இப்ப என்ன பண்ணப்போற?"

"அட்டவணை தப்புன்னு பொறியாளர்கிட்டயும் மேற்பார்வையாளர்கிட்டயும் சொல்லப்போறேன்."

"சொல்லு. பிள்ளைங்க வீட்டுத் தண்ணியைக் கொண்டுவரல, ஏமாத்திட்டாங்கன்னு சொல்லு. உன்மேல ஒண்ணும் வராது. உன் வருஷம் தப்பிக்கும்."

"அந்தப் பொம்பளைங்க?"

"அவங்களை யார் கேக்கப்போறா?"

"அதான், பெரிய டீச்சர். யாரும் கேக்க மாட்டாங்க. ஏமாத்தினவங்கன்னு பேர் ஆயிட்டா அப்புறம் அவங்க குழாயும் கேக்க முடியாது."

பெரிய டீச்சர் கால அட்டவணையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "நீ போனா இந்தப் பசங்களுக்கு அறிவியல் நடத்த ஆள் வராது. அது தெரியுமா? பாதி வருஷம் பாக்கி இருக்கு."

"தெரியும்."

பொறியாளர் கறுத்த பாட்டில்களைப் பார்த்தார். ஒன்றைத் திறந்து முகர்ந்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"போன தடவையும் நீங்கதான் கொண்டுவந்தீங்க. இப்பவும் நீங்கதான். நான் எதை நம்பறது டீச்சர்? அந்த ஜனங்க அப்ப ஏமாத்தினாங்களா? ஏமாத்தினவங்களுக்கு இப்ப குழாய் வேணுமாமா?"

"யாரும் ஏமாத்தல. தண்ணி எங்க பிடிக்கணும்னு நான் சரியாச் சொல்லல. நான் போய்ப் பிடிச்சிருக்கணும். நுரையைப் பார்த்தப்பவே கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்னுது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அதில் கேன் இல்லை, பெட்டிக்காரி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு டீச்சர் மட்டும் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெட்டிக்காரிக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஒருதரம் கண்ணைத் திறந்து, "உங்க பாட்டில் எல்லாம் பாஸ்தானே டீச்சர்? மாடலாக் காட்டறாங்களாமே. நாங்க குடுத்ததுன்னா சும்மாவா" என்றாள்.

"பாஸ்தான்" என்றாள் பாட்டில் டீச்சர்.

அது அவள் சொன்ன ஒரே கெட்டிக்காரப் பொய். பெட்டிக்காரி வயிற்றிலிருந்த குழந்தையோடு போய்ச் சேர்ந்தாள். குழாய் வண்டி அப்போதும் சந்தைக்குப் பின்னால்தான் நின்றது. வரிசை வீடுகளுக்குக் குளோரின் மாத்திரை கொடுத்தார்கள்.

உதவித்தொகை அலுவலகத்தில் மேற்பார்வையாளர் அம்மாவுக்குக் கோபத்தைவிட அவமானம் அதிகம். அந்த வகுப்பை அவர் பல ஊர்களில் மாதிரியாகக் காட்டியிருந்தார். தவறான முடிவை வெளியிட்டது ஒழுங்கு மீறல் என்றார்கள். வருடம் கணக்கில் வராது, பள்ளியை விட்டு விலகவேண்டும், வாங்கியது கடனாகிவிடும். நெட்டைப் பேராசிரியர் மட்டும் நேரில் பார்த்தபோது, "பிள்ளைங்ககிட்ட முடிவைச் சொல்லாமதானே செஞ்சே? முறை சரிதான், சூழ்நிலைதான்..." என்று ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

அக்கா பிளவுஸ்களை எடுத்து, முன்பு உள்ளே வைத்த பிடியோடு இன்னும் ஒரு பிடி சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள்.

"அங்க அறிவியல் யாரு எடுக்கறா இப்போ?"

"யாரும் இல்ல. அமிலம் முடிச்சேன். காரம் வரல."

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அன்று அதற்குமேல் பேசவில்லை.

பழைய கூடத்தில் அவளைத் தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள். சோதிக்கிற வேலை இல்லை, பிடிக்கிற வேலை மட்டும். கூடத்துச் சட்டத்தையும் இதற்குள் தளர்த்தியிருந்தார்கள். அவள் ஒரு தெருவில் பிடித்து வருவதற்குள் மற்றவர்கள் மூன்று தெரு முடித்துவிடுகிறார்கள் என்று புகார் வந்தது. காரணம் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, எதற்கு வந்திருக்கிறாள், தண்ணீரில் என்ன தேடுகிறாள், கறுத்தால் என்ன அர்த்தம், அது யாருடைய குற்றம், யாருடைய குற்றம் இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைத் திறப்பாள். சில பெண்கள் கதவைச் சாத்துவார்கள். சிலர் உள்ளே போய், மறைத்து வைத்திருந்த குடத்தை எடுத்து வருவார்கள்.

மறுவருடம் வரிசை வீடுகளுக்குக் குழாய் வந்தது. பாதி வீடுகளுக்கு. நீல நிறக் குழாய் சுவரோரமாக வந்து, நடுவில் ஒரு வீட்டு வாசலில் மூடிபோட்டு நின்றது. மீதி அடுத்த தவணையில் என்றார்கள். கேள்வியின் வீடு மூடிக்கு அந்தப் பக்கம், அங்கே இன்னும் பழைய குழாய்தான். ஆதாரம் வேண்டும் என்று மறுபடியும் கேட்டிருந்தார்கள். அதனால் மறுபடியும் பாட்டில் டீச்சர் வந்தாள்.

கேள்வி வாசலில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை அவளுக்கு வந்துவிட்டிருந்தது. பக்கத்தில் மடித்தவை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. எழுந்து குழாயைத் திறந்து கொஞ்சநேரம் ஓடவிட்டாள். யாரும் சொல்லாமலே பாட்டிலை வாங்கிக் கழுத்துவரை பிடித்தாள்.

"கறுத்தா, சாக்கடை கலக்குதுன்னு அர்த்தம்" என்று பாட்டில் டீச்சர் தொடங்கினாள். "அது உங்க குத்தம்..."

"தெரியும் டீச்சர்." மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"முன்கூட்டிச் சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்திருந்தாங்க."

"எதுக்குன்னு நீங்க கேக்கலையா?"

"கேக்கல."

கேள்வி பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அடுத்த அட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.